கட்டம் போட்ட சட்டைக்காரர்

முன்வரிசைப் பெண் வாய் பிளந்து கொட்டாவி விட்டாள். பக்கத்தில் இருந்தவன் செல்போனை நோண்டினான். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார்.

டீச்சர் அசரவில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

டீச்சர் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வேலை இன்னும் கிடைத்தபாடில்லை. மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்ன இரண்டு பள்ளிக்கூடங்களிலும் கரும்பலகை முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கிய நடுக்கத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. நாளைக் காலை மூன்றாவது பள்ளிக்கூடம். இதையும் கோட்டைவிட்டால் காலம் பூராவும் டியூஷன் சென்டரில் விடைத்தாள் திருத்த வேண்டியதுதான்.

“வீட்டுல புலி, வெளியில எலி” என்று கணவன் கேலி செய்வான். எலியாவது கீச்சென்று கத்தும், நமக்கு அதுவும் வரவில்லையே என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி மாணவி ஒருத்தி தன் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுவது தெரியவந்தது. மேடை பயம் உள்ளவர்களுக்கு அவள் ஒரு வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிடுவாள். உள்ளே கூடம் நிறைய ஜனம். ஏற்கெனவே படம் பிடித்து வைத்த ஜனம். முதல் சுற்றில் சிரித்த முகமாக இருப்பார்கள். இரண்டாவதில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவதில் மானத்தை வாங்குவார்கள்.

நிஜ சாக்பீஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னதும் அந்த மாணவிதான். உடைந்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் பெருக்கி அள்ளிய புண்ணியவதியும் அவள்தான்.

இன்று மூன்றாவது சுற்று. அத்தனை பேர் நடுவிலும் ஒரே ஒருவர் மட்டும், கட்டம் போட்ட சட்டைக்காரர், அவள் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதல் சுற்றிலிருந்தே அப்படித்தான். ஆமா, சரிதான், மேல சொல்லு.

அவரைப் பார்த்தே பாடத்தை முடித்துவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றினால், எதிரே மாணவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நீங்களும் அவரைத்தான் பாத்தீங்களா? வர்றவங்க எல்லாரும் அவரையே பாத்துப் பேசி முடிச்சுடறாங்க. மூணாவது சுற்றுல ஒருத்தருக்கும் பயமே வரமாட்டேங்குது. அவரைத் தூக்கிட்டு வேற படம் பிடின்னு எங்க சார் சொல்லிட்டார்.”

“ஐயையோ, வேண்டாம்மா! நான் வேணா உங்க சார்கிட்ட பேசட்டுமா?”

கேட்டது தானா என்று டீச்சருக்கே சந்தேகமாக இருந்தது. மாணவி சிரித்துவிட்டாள்.

“அவர் எங்கப்பா. மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கோங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அவரால முடியலை. வெளியிலதான் இருக்கார், என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்.”

வராந்தா பெஞ்சில் அதே கட்டம் போட்ட சட்டை. மடியில் ஹெல்மெட். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் டீச்சர் போனாள். வாயைத் திறந்ததும் மடை உடைத்துக்கொண்டது. இரண்டு பள்ளிக்கூடங்கள், புலி எலி சமாச்சாரம், நாளைய வகுப்பு, அவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லாவிட்டால் முதல் நாளே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடியிருப்பாள் என்பது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். “நீங்க நல்லா இருக்கணும் ஐயா” என்கிறபோது கண் கலங்கிவிட்டது.

அவர் அவள் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார். ஆமா, சரிதான், மேல சொல்லு.

அவள் பேசி ஓய்ந்ததும் மகள் பக்கம் திரும்பினார். அவர் விரல்கள் என்னமோ கேட்டன. மகளின் விரல்கள் பதில் சொல்லின, நீளமான பதில். அவர் முகம் மலர்ந்தது. கைகள் மறுபடி அசைந்தன.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்குள் இருந்தது வெறும் படம். இந்த வராந்தாவிலும் அவர் ஒரு சொல்லைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

“பொறந்ததுல இருந்தே காது கேக்காதுக்கா,” என்றாள் மாணவி. “எதிர்ல இருக்கறவங்க பயப்படாம பேசி முடிக்கட்டும்னு தலையாட்டுவார். ஸ்கூல்ல நான் பேசினப்பவும் முதல் வரிசையில உக்காந்து இதே மாதிரிதான்.”

“இப்ப என்ன சொன்னார்?”

“இவ்வளவு நேரம் பேசினீங்களே, உங்க கை நடுங்கவே இல்லையாம்.”

டீச்சர் கையை விரித்துப் பார்த்தாள். சாக்பீஸ் முழுசாக இருந்தது.