வளையம் விழாத தட்டு

பதினொரு வருடமாக ஆய்வுகூடத்தில் தட்டுக் கழுவும் யூஜீனியாவுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கிருமி படர்ந்த தட்டில் மருந்து வில்லையைச் சுற்றி வெற்று வளையம் விழுந்தால், அந்த மருந்து கேட்கும்.

இன்றைய தட்டு அவள் கணவன் நிக்கொலஸுடையது. திருக்கை முள் குத்தி அழுகிய காலை எடுப்பதா விடுவதா என்று டொக்டர் இதைப் பார்த்துத்தான் சொல்வார்.

மூன்று வில்லைகள். ஒன்றைச் சுற்றியும் வளையம் இல்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே, மிஸ்." கதிரையில் இருந்துவிட்டாள்.

"அழாதீங்க அக்கா," என்றாள் பரிசோதகர் றம்லா. "இந்த மூணும் மருந்து தேட வெச்சதில்ல. பேர் கேக்க வெச்சது."

"ஆற்ற பேர்?"

"கிருமிட பேர். காத்துப் பட்டாச் சாகிற கூட்டம் இது. எதுக்கு மசியுது, எதுக்கு மசியல்ல எண்டு பாத்துத்தான் குடும்பத்தப் பிடிக்கிற. மூணுக்கும் மசியாட்டி, எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம். இப்ப இதப் பாருங்க."

அதே கிருமி படர்ந்த அடுத்த தட்டில் ஒரே வில்லை. சுற்றிலும் அகன்ற வெற்று வளையம்.

"இந்த மருந்து வார்ட்டிலேயே இருக்கு. இண்டைக்கே ஏத்துவாங்க."

யூஜீனியா முதல் தட்டை இரு கைகளாலும் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் பேர் பேராவா, மிஸ், கழுவி ஊத்தினனான்?"