வராத ஃபைல்

மேற்கு மாம்பலம் வீட்டில் தங்கதுரை காலையிலிருந்து ஏழாவது தடவையாக மெயிலைத் திறந்தான்.

"வந்துச்சா?" என்றாள் மனைவி கனகா.

"இல்ல. நாலு நாளாச்சு."

அது இருபத்தைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர் போர் விளையாட்டு. அண்ணன் பொன்ராஜ் தன் படைகளை நகர்த்தி ஃபைலை மெயிலில் அனுப்புவார். அடுத்து இவன் நகர்த்தி அனுப்புவான். ஆறு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுஷன். பயமா இருக்கு கனகா."

"ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"எங்களுக்குள்ள பேச்சு கிடையாதுன்னு தெரியாதா? முதல்ல அவர் பேசட்டும்."

"அப்புறம் எதுக்கு நிமிஷத்துக்கு ஒருதரம் மெயிலைத் திறந்து பார்க்கிறீங்க?"

தங்கதுரை ஆட்டோ பிடித்து கே.கே. நகருக்கு ஓடினான். பொன்ராஜ் நன்றாகத்தான் இருந்தார். ஹெல்மெட்டும் கையுமாக கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே! உடம்புக்கு ஒண்ணுமில்லையே? ஏன் ஆட்டத்தை அனுப்பல?"

"நானா? உன்கிட்டேர்ந்துதாண்டா வரல!"

தங்கதுரை செல்போனைப் பார்த்தான். திங்கட்கிழமை அவன் எழுதிய மெயில், அனுப்பப்படாமல் டிராஃப்ட்டில் கிடந்தது.

தம்பி வீட்டுக்குக் கிளம்ப எடுத்த ஹெல்மெட்டை பொன்ராஜ் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நாலு நாளா உன் முறைடா. ஆறு வருஷமா, வந்து பேச வேண்டியதும் உன் முறைதான். அதையாவது செஞ்சியே, உள்ள வா!"