பாக்கி முப்பது மீட்டர்

ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்த தலைமை எழுத்தருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏம்மா அழற?"

"ஒண்ணுமில்ல. தூசி."

புருஷனை நினைத்துப் பூரிக்கும் பெண்கள் தூசி என்றுதான் சொல்வார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அவரோடு இப்படி வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் அவளே கேட்டு வந்திருக்கிறாள்.

நாட்டிலுள்ள ஒவ்வொரு தண்டவாளத்தின் மேலும் போய்விடுவது ரயில் அன்பர் சங்கத்தின் லட்சியம். மற்றவர்கள் ஊருக்குப் போக ரயில் ஏறுவார்கள். இவர்களுக்கு நடுவில் வரும் ஊர்கள்தான் தொந்தரவு. வண்டி தண்டவாளம் முடியும் முட்டுக்கட்டை வரை போக வேண்டும், ஆள் வண்டிக்குள் இருக்க வேண்டும். ஒரு அடி குறைந்தாலும் வரைபடத்தில் சிவப்புக் கோடு போடக் கூடாது.

தலைமை எழுத்தர் பயணிகள் போகும் பாதைகளை எப்போதோ முடித்துவிட்டார். பிறகு ஆலைகளுக்குள் சரக்கு வண்டி போகும் சைடிங்குகள். அவற்றிலும் அவருக்கு இன்று ஒன்றே ஒன்றுதான் பாக்கி: மூடிக்கிடக்கும் உரத் தொழிற்சாலையின் பின்பக்கம், நானூறு மீட்டர்.

சங்கம் இரண்டு பெட்டிகளுடன் தனி ரயிலே பிடித்திருந்தது. காலையிலிருந்து கண்ணாடி ஆலை, காகித ஆலை என்று துருப்பிடித்த சைடிங் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தார்கள். உடைந்த எடைமேடை ஒன்றைப் பார்த்து நாற்பது பேர் கைதட்டினார்கள். ஓரிடத்தில் தண்டவாளத்தின் நடுவே படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. அது பிறந்ததிலிருந்து அங்கே ரயில் வந்ததில்லை.

"இன்னியோட முடிஞ்சுதும்மா," என்றார் அவர், சட்டைப்பையைத் தட்டி. "சங்கத்துக்கு ராஜினாமா எழுதி வச்சிருக்கேன். இனிமே ஞாயித்துக்கிழமை பூரா வீடுதான். உன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன்."

அவள் மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். "இன்னிக்குத் தூசி ஜாஸ்தி."

இந்த நானூறு மீட்டரை அவர் போன மாதமே வேலி ஓட்டை வழியாகப் புகுந்து வேவு பார்த்திருந்தார். கடைசி முப்பது மீட்டரில் தண்டவாளத்துக்கு அடியில் பதினேழு கட்டைகள் உளுத்திருந்தன. தெரிந்தால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள் என்று சங்கத்தில் மூச்சு விடவில்லை. நாற்பது உயிரா, முப்பது மீட்டரா என்று யோசிக்காமலும் இல்லை. யோசித்துத்தான் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுப் புலம்பியதோடு சரி. அதற்கு வீட்டில் வழக்கம்போல ஒரு 'ம்'தான் கிடைத்தது.

உரத் தொழிற்சாலைக்குள் வண்டி ஊர்ந்தது. தூரத்தில் முட்டுக்கட்டை தெரிந்தது. அவர் சிவப்புப் பென்சிலைச் சீவித் தயாராக வைத்துக்கொண்டார்.

வண்டி நின்றது.

"என்ன சார், நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்கே!" என்று கார்டிடம் பாய்ந்தார்.

"இதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஆர்டர் சார். மேல ஒரு கடுதாசி வந்திருக்கு. கடைசியில பதினேழு கட்டை உளுத்துப் போச்சுன்னு. நேத்துப் போய் எண்ணினோம். சரியா பதினேழு."

"யாரு எழுதினது?"

"'பொறுப்புள்ள குடிமக்கள்'னு போட்டிருக்கு."

ரயில்வேக்காரர்கள் கடிதம் படிப்பார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. "முப்பது மீட்டர்தானே சார்! மெதுவா ஒரு தள்ளு. இருபத்தாறு வருஷம் சார் எனக்கு!"

"எனக்கு இந்த வேலையில முப்பது வருஷம் சார்," என்று கார்டு கொடியைச் சுருட்டினார்.

பின்னால் பல் டாக்டர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சங்கத்தில் தலைமை எழுத்தருக்கு அடுத்த இடம் அவருக்கு. இன்னும் இரண்டு சைடிங் பாக்கி. "விடுங்க சார். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணாவே முடிச்சிடலாம்."

"அந்த வேலி ஓட்டையில நீங்களும் புகுந்தீங்களா?"

"எந்த ஓட்டை?"

"கடுதாசியும் போட்டுட்டு நடிப்பு வேறயா?"

"நானா? நான் எழுதுற மருந்துச் சீட்டையே எவனாலயும் படிக்க முடியல. ரயில்வேல படிச்சிடுவானா?"

சட்டையைப் பிடிக்கப் போனவரை மனைவி வந்து இழுத்தாள். "விடுங்க. ரத்தக்கொதிப்பு ஏறிடும்."

அவர் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "கட்டையை மாத்துற வரைக்கும் விட மாட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்கயே வந்து உக்காருவேன்!"

"உங்க மனசு எப்படியோ அப்படிச் செய்ங்க. நான் என்னிக்கு உங்களுக்குக் குறுக்க நின்னிருக்கேன்?"

இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மேலிடத்துக்கு மனுப் போட ஆதாரம் வேண்டுமே என்று கேமராவோடு கீழே இறங்கினார். உளுத்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தன் பெட்டியின் நிழலில் ஒதுங்கினார்.

தலைக்கு நேர் மேலே ஜன்னல். மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் தூசியே இல்லை.

"நம்ம கடுதாசி வேலை செஞ்சிடுச்சு அக்கா! ஞாயித்துக்கிழமை சீட்டாட எல்லாரும் எப்பவும்போல வந்துடுங்க."