மைனா விஷயம்

ஆற்றின் இக்கரையில் ஒரு மரங்கொத்தி இருந்தது. மரத்துண்டைக் குடைந்து வீடு செய்வதில் அதற்கு நிகர் கிடையாது. வீடுகளை மொத்தமாக வாங்கியது அக்கரைக் கரடி.

வருஷாவருஷம் மரங்கொத்தி அங்கே போகும். போனதும் முதல் வேலையாக, “மைனாவைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். இது நியாயமில்லை,” என்று கண்டிக்கும். கரடி கண்ணை மூடிக் கேட்டுக்கொள்ளும். “சொல்லியாச்சா? வாங்க, தேன் சாப்பிடலாம்.” அப்புறம் வியாபாரம் நடக்கும்.

ஒரு வருஷம் கரடி, “எங்கள் காக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடைந்தால் இன்னும் நிறைய வாங்குவோம்,” என்றது. இந்தக் காக்கைகளுக்குக் குடையவா வந்துவிடப் போகிறது என்று மரங்கொத்தி சம்மதித்தது.

கொஞ்ச காலத்தில் காக்கைகள் குடைந்த வீடுகள் இக்கரையிலேயே பாதி விலைக்கு வந்து இறங்கின. மரங்கொத்தியின் மகனே ஒன்றில் குடியேறினான்.

“இனிமேல் அந்தக் கரடியை நம்பியிருக்கக் கூடாது,” என்று ஊரைக் கூட்டி முழங்கிய மரங்கொத்தி, மறுநாள் காலையே வியாபாரம் பேச அக்கரைக்குப் பறந்தது.

கரடி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டது. “சொல்லுங்க, அந்த மைனா விஷயம்.”

கூண்டுக்குள் மைனா மெல்ல இருமியது.

கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மரங்கொத்தி, “எந்த மைனா?” என்றது.