முன்பிரேக்

"முன்சக்கரம் ரெண்டுக்கும் பிரேக் போடணுங்க. இருக்கறதுலயே பெரிய பிரேக் டிரம்மா பாத்துப் போடுங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

லாரி மெக்கானிக் காளியப்பன் சிரித்தார். "முன்னாடி பிரேக் புடிச்சா வண்டி குப்புறக் கவுந்துரும்னு டிரைவருங்க எல்லாம் அதைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டறாங்க. நீங்க மாட்டச் சொல்றீங்களே?"

"கழட்டினவங்க தொப்பூர் எறக்கத்துல எப்படி வர்றாங்கன்னு தெனமும் பாக்கறேன். போடுங்க."

"உங்க டிரைவர் ஒத்துக்குவாரா?"

"அவர்கிட்ட கேக்கப் போறதில்லைங்க."

லாரி முதலாளியம்மாவுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தபடி காளியப்பன் எழுந்தார். "சரி, வண்டியைக் கொண்டாங்க."

"அது வராது. நீங்கதான் வரணும்."

டிரம்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு போய், தொப்பூர் கணவாயின் கடைசி வளைவில் இருவரும் இறங்கினார்கள். அங்கே ஓர் ஓட்டு வீட்டின் சுவரை இடித்துக்கொண்டு லாரி ஒன்று பாதி உள்ளே நின்றது. வாசலில் நின்ற லாரி முதலாளி அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சுவரை நானே கட்டித் தர்றேம்மா. சாவியை மட்டும் குடுங்க."

"போன வருஷமும் இதே வண்டி, இதே பேச்சு. அப்ப ஆட்டுக்கொட்டாய் போச்சு. நேத்து நாங்க பூசைக்குப் போயிருந்ததால பொழைச்சோம். முன்பிரேக் மாட்டாம இது என் வூட்டை விட்டு வெளிய போகாது."

இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மிக்கேலம்மாள் மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"உள்ள வாங்கண்ணா. முன்சக்கரம் ரெண்டும் அடுப்படியிலதான் இருக்கு."