பிரிக்காத பெட்டிகள்

ஹாங்காங் சீனாவின் கைக்குப் போக இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. மோக் வாய்லிங் தொடங்கவிருந்த குளிர்பதனக் கிடங்கில் முதலீடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டென்மார்க்காரர் ஹென்ரிக், விருந்துக்காக அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். கூடம் நிறையப் பெட்டிகள். எல்லாவற்றிலும் வான்கூவர் முகவரி.

"ஊரே கனடாவுக்கு ஓடுதுன்னாங்க. நீங்களும் மூட்டை கட்டிட்டீங்களே மேடம். அப்புறம் யாரை நம்பி நான் பணம் போடுறது?"

"கட்டலை சார், இன்னும் பிரிக்கலை," என்றாள் வாய்லிங். "அங்கே ஆறு வருஷம் இருந்தாச்சு. முந்தாநாள்தான் குடும்பத்தோட திரும்பி வந்தோம். அந்த வீட்டை வித்துத்தான் கிடங்குக்கு இடம் வாங்கியிருக்கேன்."

ஹென்ரிக் கோட்டைக் கழற்றினார்.

"எனக்குப் பாதிப் பங்கு தருவீங்களா?"

"மூணுல ஒண்ணுதான். உட்காருங்க, மீன் ஆறிடும்."