இடிக்கு மட்டும் பயந்தவர்

கருவைத் தாயின் வயிற்றில் வைப்பதற்கு முன், பெற்றோரின் பழைய பயங்கள் அதில் பதித்த தடங்களைத் துடைத்துவிடுவது டாக்டர் வான்மதியின் வழக்கம். ஆயுசில் பாதியை அந்த ஆராய்ச்சிக்கே கொடுத்தவள். துடைக்கட்டுமா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. பயம் வேண்டும் என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

ஜெசிந்தாவின் கணவன் போன வருடம் கடலோடு போய்விட்டான். இருவரும் முன்பே உறையவைத்திருந்த கருவைத் துடைத்துவிட்டு வான்மதி வெளியே வந்தாள்.

"அப்பாகிட்டேருந்து ஒரே ஒரு பயம்தான் வந்திருந்துச்சு ஜெசிந்தா. இடிச் சத்தம்."

ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. "அவுகளேதான் டாக்டரம்மா! புயலுக்கு அசையாத மனுசன், இடி இடிச்சா மட்டும் ஓடி வந்து எங் கையப் புடிச்சிக்கிடுவாக. அத மட்டும் விட்டுருங்க. பிள்ளையும் புடிக்கட்டும்."

வான்மதிக்குத் துடைக்கத்தான் தெரியும். திரும்பப் பதிக்க உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"துடைச்சிட்டேம்மா," என்றாள். "உங்கிட்டக் கேட்டிருக்கணும்."

ஜெசிந்தா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சரி, விடுங்க. இடி இடிச்சா நான் போயி அது கையப் புடிச்சிக்கிடுதேன். ஏம்மா பயப்படுதன்னு கேக்கும்லா? அப்ப அவுகளப் பத்திச் சொல்லுதேன்."